இன்னும் வராத அரசர்: யூத மரபில் மேசியா

1263ஆம் ஆண்டு ஜூலை மாதம், பார்சிலோனா அரண்மனையில் அரகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் ஒரு சமய விவாதம் நடந்தது. ஒரு பக்கம் பாப்லோ கிறிஸ்தியானி என்ற டொமினிக்கன் துறவி, யூதராகப் பிறந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர். எதிரே ஜிரோனா நகரத்து ரபி, அதாவது யூத சமய ஆசான், மோசே பென் நாக்மன். நாக்மனிடிஸ் என்ற பெயரில் பரவலாக அறியப்பட்டவர். மேசியா ஏற்கெனவே வந்துவிட்டார் என்பதை யூதர்களின் நூல்களைக் கொண்டே நிறுவிவிட வேண்டும் என்பது துறவியின் திட்டம். வசனத்துக்கு வசனம் பதில் சொன்ன நாக்மனிடிஸ், நடுவில் வெகு எளிமையான ஒரு வாதத்தையும் வைத்தார். மேசியாவின் காலத்தில் நாடுகள் போர்ப்பயிற்சியைக் கைவிடும் என்கிறார் ஏசாயா தீர்க்கதரிசி. இயேசுவின் நாள் தொட்டு இன்றுவரை உலகம் வன்முறையாலும் கொள்ளையாலும் நிறைந்துதானே கிடக்கிறது? கேட்டதோடு விடாமல் மன்னரையும் சீண்டினார்: இனி யாரும் போர் கற்கக் கூடாது என்றாகிவிட்டால், அரசே, உமக்கும் உமது வீரர்களுக்கும் எவ்வளவு கஷ்டம்!

இந்த உரையாடலை அவரே பிறகு எழுதி வைத்தார். தன் தரப்பு நன்றாகத் தெரியும்படி எழுதியிருப்பார் என்று வைத்துக்கொண்டாலும், யூத மரபின் நிலைப்பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மேசியா யார் என்பதை அவர் செய்து முடித்த வேலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வேலை முடியவில்லையா, அப்படியானால் அவர் வரவில்லை.

தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் மேசியா என்ற சொல்லைக் கிறிஸ்தவ வேதாகமத்தின் வழியாகவே அறிந்திருப்பார்கள். பாவம் போக்குபவர், தெய்வ மைந்தன், உயிர்த்தெழுந்தவர் என்ற பொருள்களெல்லாம் அதோடு சேர்ந்தே வரும். யூதர்கள் காத்திருப்பவரோ மனிதர். மற்றவர்களைப் போலத் தாய் தந்தைக்குப் பிறந்து, தாவீது அரசரின் வம்சத்தில் வந்து, எருசலேமிலிருந்து ஆட்சி செய்யப் போகிறவர். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் யூதர்களை ஒன்றுசேர்ப்பது, இடிந்த ஆலயத்தை மீண்டும் கட்டுவது, தோரா எனும் மறைநூலின் சட்டத்தை நிலைநாட்டுவது, போரில்லாத உலகத்தைக் கொண்டுவருவது ஆகியவை அவர் பொறுப்பு. ஆன்மாவை ரட்சிக்கும் பணி அவருக்குத் தரப்படவில்லை. அது அவரவர் மனந்திரும்புதலோடும் கடவுளோடும் முடிகிற விஷயம்.

பழங்கால இஸ்ரவேலில் அரசரையும் தலைமைக் குருவையும் தலையில் எண்ணெய் வார்த்துப் பதவியில் அமர்த்துவார்கள். அப்படி அபிஷேகம் பெற்றவர் என்பதுதான் மேசியா என்ற எபிரேயச் சொல்லின் நேர்ப்பொருள். சவுலும் மேசியாதான், தாவீதும் மேசியாதான். பாபிலோனிலிருந்து யூதர்களை ஊர் திரும்ப விட்ட பாரசீக மன்னர் கோரேசைக்கூட ஏசாயா நூல் அப்படியே அழைக்கிறது. அவர் யூதரே இல்லை. கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமை அழித்துத் தாவீதின் அரியணையை வெறுமையாக்கிய பிறகுதான், தாவீதின் வம்சம் என்றென்றும் நிலைக்கும் என்ற பழைய வாக்குறுதி எதிர்காலத்துக்குரியதாக மாறத் தொடங்கியது. அந்த எதிர்காலத்தைத் தீர்க்கதரிசிகள் ஒரே மாதிரி வரையவில்லை. ஏசாயாவிடம் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து வாழ்கின்றன. சகரியாவின் அரசர் எளியவராகக் கழுதைமேல் வருகிறார். தானியேல் கனவில் கண்டவரோ வானத்து மேகங்களோடு வருகிறார். சாக்கடல் கரையில் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களை எழுதிய குழுவினர் இரண்டு மேசியாக்களை எதிர்பார்த்தார்கள்: ஒருவர் குரு, ஒருவர் அரசர். ஒரே கோட்பாடு தொடக்கத்திலிருந்தே இருந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

கி.பி. 70இல் ரோமானியர் இரண்டாம் ஆலயத்தையும் இடித்தார்கள். அடுத்து வந்ததுதான் இந்த நம்பிக்கையின் போக்கையே தீர்மானித்த அடி. 132இல் சீமோன் பார் கோசிபா என்ற தளபதி யூதேயாவில் கிளர்ச்சியைத் தொடங்கினார். அந்தக் காலத்து ரபிகளில் தலைசிறந்தவரான அகிவா, ‘யாக்கோபிலிருந்து ஒரு நட்சத்திரம் உதிக்கும்’ என்ற வசனத்தை அவருக்குப் பொருத்தி, இவர்தான் மேசியா அரசர் என்று அறிவித்தார். நட்சத்திரத்தின் மகன் என்ற பொருளில் பார் கோக்பா என்ற பெயரும் நிலைத்தது. ‘அகிவா, உன் தாடையில் புல் முளைத்த பிறகும் தாவீதின் மகன் வந்திருக்க மாட்டான்’ என்று யோகனான் பென் தோர்தா என்ற ரபி முகத்துக்கு நேரே சொன்னதாக, ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த எருசலேம் தல்மூத் பதிவு செய்திருக்கிறது. கிளர்ச்சியாளர் அடித்த நாணயங்களில் ‘இஸ்ரவேலின் மீட்பின் முதலாம் ஆண்டு’ என்ற வாசகம் இருக்கிறது. 1960, 61ஆம் ஆண்டுகளில் யூதேயப் பாலைவனக் குகை ஒன்றில் அவருடைய கடிதங்களும் கிடைத்தன. அவற்றில் ஒன்று, இரண்டு கழுதைகளை அனுப்பியிருப்பதாகவும், கூடாரப் பண்டிகைக்கு வேண்டிய பேரீச்ச ஓலைகளையும் நாரத்தை வகைக் கனிகளையும் முகாமுக்கு அனுப்பிவைக்கும்படியும் கேட்கிறது. உலகத்தைப் புரட்டிப்போட வந்தவராக நம்பப்பட்ட மனிதர், ரோமானியப் படை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பண்டிகைச் சாமான்களுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்!

135இல் பேத்தார் கோட்டை விழுந்தது, அவரும் மாண்டார். போரில் 5,80,000 பேர் வெட்டப்பட்டதாக ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம், அழிவு மிகையல்ல. யூதர்கள் எருசலேமுக்குள் நுழையவே தடை வந்தது. பின்னாளைய ரபிகள் அந்தத் தளபதியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, பொய்யின் மகன் என்று பொருள் தரும்படி பார் கோசிவா என்று குறித்தார்கள். அகிவாவையோ கைவிடவில்லை. இத்தனை பெரிய மனிதரே ஏமாந்தார் என்ற நினைவு மறைக்கப்படாமல் மரபுக்குள்ளேயே தங்கிவிட்டது.

இந்தச் சூட்டை உணர்ந்துகொண்டுதான் பாபிலோனிய தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியைப் படிக்க வேண்டும். மேசியா பற்றிய பேச்சு அங்கே சில ஏடுகளுக்கு நீள்கிறது. தீர்ப்பு எதுவும் இல்லை. வாக்குவாதம், கிண்டல், கதை, ஏக்கம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. உலகம் ஆறாயிரம் ஆண்டு நீடிக்கும், அதில் கடைசி இரண்டாயிரம் மேசியாவின் காலம் என்று ஒரு கணக்கு வருகிறது. அதற்குப் பக்கத்திலேயே, முடிவுநாளைக் கணக்கிடுபவர்களின் எலும்புகள் உளுத்துப்போகட்டும் என்ற சாபமும் இருக்கிறது. காரணமும் சேர்த்தே சொல்லப்படுகிறது: குறித்த நாள் வந்தும் அவர் வரவில்லையென்றால், இனி வரவே மாட்டார் என்று மக்கள் விட்டுவிடுவார்கள். மனித மனத்தை நன்றாக அறிந்தவர்கள் இட்ட சாபம் இது.

எப்போது வருவார்? கணக்கிட்ட நாட்களெல்லாம் கடந்துவிட்டன, இனி மனந்திரும்புதலும் நற்செயலுமே வழி என்கிறார் ராவ் என்ற பாபிலோனிய அறிஞர். துக்கம் காப்பவனாகிய இஸ்ரவேல் துக்கம் காத்ததே போதும், அவன் தகுதியைப் பார்க்க வேண்டியதில்லை என்கிறார் அவர் காலத்து அறிஞர் சாமுவேல். முழுவதும் நல்லவர்களான தலைமுறையிலோ முழுவதும் கெட்டவர்களான தலைமுறையிலோ வருவார் என்பது ரபி யோகனானின் கணிப்பு. மேகமா கழுதையா என்ற சிக்கலுக்கும் இதே பாணியில் விடை உண்டு: மக்கள் தகுதியோடு இருந்தால் மேகத்தில் வருவார், இல்லாவிட்டால் கழுதையில். பாரசீக மன்னர் ஷாபூர், உங்கள் மேசியாவுக்கு என் குதிரையைத் தருகிறேனே என்று சாமுவேலைக் கேலி செய்தாராம். நூறு நிறமுள்ள குதிரை உம்மிடம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டாராம் சாமுவேல்.

இந்த ஏடுகளில் மிக அழகானது யோசுவா பென் லேவியின் கதை. அவர் எலியா தீர்க்கதரிசியைச் சந்தித்து, மேசியா எப்போது வருவார் என்று கேட்கிறார். அவரையே போய்க் கேள் என்கிறார் எலியா. ரோம் நகர வாசலில் நோயுற்ற ஏழைகளோடு உட்கார்ந்திருப்பார் என்று அடையாளமும் சொல்கிறார். மற்ற நோயாளிகள் எல்லாக் கட்டுகளையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துப் புண்களைத் துடைத்துக் கட்டுவார்கள். அவர் மட்டும் ஒரு கட்டை அவிழ்த்து, அதைக் கட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுவார்; எந்த நேரமும் அழைப்பு வரலாம், அப்போது தாமதமாகிவிடக் கூடாது என்பதற்காக. யோசுவா அங்கே போய் அவரைக் கண்டு, எப்போது வருவீர் என்று கேட்கிறார். ‘இன்று’ என்ற பதில் கிடைக்கிறது. பொழுது போகிறது, யாரும் வரவில்லை. என்னிடம் பொய் சொல்லிவிட்டார் என்று எலியாவிடம் வந்து முறையிடுகிறார். எலியா ஒரு சங்கீத வரியைக் கொண்டு அந்தப் பதிலை முடித்துவைக்கிறார்: ‘இன்று, அவர் குரலுக்கு நீங்கள் செவிசாய்த்தால்.’

மேசியா வருவதற்கு முந்தைய காலம் பயங்கரமாக இருக்கும் என்பதும் பழைய நம்பிக்கைதான். விலைவாசி ஏறும், இளையோர் பெரியோரை மதிக்க மாட்டார்கள், தலைமுறையின் முகம் நாயின் முகமாக இருக்கும் என்று பட்டியல் போகிறது. எல்லாத் தலைமுறையும் இதைப் படித்துவிட்டுத் தன் காலத்தைத்தான் நினைத்திருக்கும். எசேக்கியேல் சொன்ன இறுதிக்காலப் போரான கோகு, மாகோகு போர் வரும். யோசேப்பின் வழியில் முதலில் ஒரு மேசியா தோன்றிப் போரில் மடிவார் என்ற கதையும் தல்மூதில் உண்டு. வரட்டும், ஆனால் அதை நான் பார்க்க வேண்டாம் என்று ஊல்லா என்ற அறிஞர் ஒதுங்கிக்கொள்கிறார். வரட்டும், அவர் கழுதைச் சாணத்தின் நிழலில் உட்கார்ந்திருக்கும் பாக்கியமாவது எனக்குக் கிடைக்கட்டும் என்கிறார் ராவ் யோசேப். ஹில்லெல் என்ற ஒருவர், இஸ்ரவேலுக்கு இனி மேசியாவே கிடையாது, எசேக்கியா அரசர் காலத்திலேயே அந்த வாய்ப்பு முடிந்துவிட்டது என்று சொல்லிப்போகிறார். கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று கண்டித்தார்களே தவிர, அவர் கூற்றை அழிக்கவில்லை.

இத்தனை தூரத்தில் இருப்பவருக்கான காத்திருப்பு அன்றாட வாழ்க்கையின் சின்னச் சின்ன மூலைகளில் குடியேறியது. ‘தாவீதின் துளிரை விரைவில் முளைக்கச் செய்யும்’ என்ற வேண்டுதல் வாரநாட்களில் ஒவ்வொரு தொழுகையிலும் சொல்லப்படுகிறது. மேசியாவுக்கு முன் எலியா வருவார் என்பதால் பஸ்கா விருந்தில் அவருக்கென்று ஒரு கிண்ணம் திராட்சை ரசம் வைத்து வாசற்கதவைத் திறந்துவிடுகிறார்கள். விருத்தசேதனச் சடங்கில் அவருக்கு ஒரு நாற்காலி போடப்படுகிறது. சட்ட நூலான மிஷ்னாவுக்குள்ளும் அவர் நுழைந்துவிட்டார். இரண்டு பேர் ஒருவரிடம் பணம் கொடுத்து வைக்கிறார்கள், ஒருவர் 100, மற்றவர் 200. திரும்ப வாங்கும்போது இருவருமே 200 என்னுடையது என்கிறார்கள். ஆளுக்கு 100 கொடுத்துவிட்டு, எஞ்சிய 100ஐ எலியா வரும்வரை வைத்திருக்க வேண்டும் என்பது மிஷ்னாவின் தீர்ப்பு. ஆர்வத்துக்குக் கடிவாளமும் இருந்தது. கையில் மரக்கன்று இருக்கும்போது மேசியா வந்துவிட்டார் என்று யாராவது சொன்னால், முதலில் கன்றை நடு, பிறகு போய் அவரை வரவேற்றுக்கொள் என்பது யோகனான் பென் சக்காய் பெயரில் வழங்கும் அறிவுரை. ஆலயம் அழிந்த காலத்தை நேரில் கண்டவர் அவர்.

இவ்வளவு கதைகளையும் ஒரு சட்டத்துக்குள் கொண்டுவந்தவர் 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ். யூத நம்பிக்கைக்கு அவர் வகுத்த 13 கொள்கைகளில் 12ஆவது மேசியாவின் வருகை. ‘அவர் தாமதித்தாலும் நாள்தோறும் அவருக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற பிரார்த்தனை வாசகம் அதன் வழியில் பிறகு உருவானது. நாஜி இனப்படுகொலை நினைவுநாள் கூட்டங்களில் இன்றும் பாடப்படுகிறது. அவரது சட்டத்தொகுப்பின் இறுதி அத்தியாயங்கள் இன்னும் கறாரானவை. மேசியா அற்புதம் செய்து காட்ட வேண்டியதில்லை. அகிவா பார் கோக்பாவிடம் எந்த அற்புதமும் கேட்கவில்லையே! தாவீதின் வழியில் ஓர் அரசர் தோன்றி, தோராவில் ஆழ்ந்து, மக்களை அதன் வழியில் நடத்தி, கடவுளின் போர்களை நடத்தினால், அவர் மேசியாவாக இருக்கலாம் என்று கருதலாம். வெற்றிபெற்று, ஆலயத்தை அதன் இடத்தில் கட்டி, சிதறியவர்களைச் சேர்த்தால் அப்போது அது உறுதி. வெற்றிபெறாவிட்டாலோ கொல்லப்பட்டாலோ, அவர் தோரா வாக்களித்தவர் அல்லர். நல்ல அரசர் ஒருவர் இறந்தார், அவ்வளவுதான்.

ஓநாயும் ஆட்டுக்குட்டியும் வெறும் உருவகம் என்கிறார் மைமோனிடிஸ். இயற்கையின் விதி எதுவும் மாறாது. இதற்கு ஆதாரமாகத் தல்மூதின் சாமுவேலையே துணைக்கு அழைக்கிறார்: இந்த உலகுக்கும் மேசியாவின் நாட்களுக்கும் உள்ள வேறுபாடு அந்நிய ஆட்சிக்கு அடிமைப்பட்டிருக்கும் நிலை நீங்குவது மட்டுமே. மேசியாவும் இறப்பார், அவருக்குப் பின் மகன் ஆள்வான். விவரங்களைத் துருவாதே, நாள் குறிக்காதே என்றும் சொல்கிறார். அப்படிச் சொன்னவரே யேமன் யூதர்களுக்கு எழுதிய மடலில், தன் குடும்பத்தில் வழிவழியாக வந்த ஒரு காலக்கணக்கைப் பகிர்ந்துகொண்டார். நாக்மனிடிசும் தப்பவில்லை, அவர் குறித்த ஆண்டு 1358. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூத அறிஞர் அபர்பனேல் 1503 என்றார். மக்கள் நொறுங்கிக் கிடக்கும்போது, சாபத்தையும் மீறி ஒரு தேதியைக் கையில் கொடுக்கத் தோன்றுகிறது.

யேமனில் தோன்றிய ஒரு ‘மேசியா’வைப் பற்றி மைமோனிடிஸ் பிற்காலக் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். உன் அற்புதம் என்ன என்று அரசர் கேட்க, என் தலையை வெட்டுங்கள், உடனே உயிர்த்தெழுவேன் என்றாராம். வெட்டினார்கள். அதற்குப் பிறகும் அவர் கல்லறையிலிருந்து எழுவார் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் உண்டு என்று சலித்துக்கொள்கிறார் மைமோனிடிஸ்.

அதைவிடப் பெரிய அலை 1665இல் எழுந்தது. ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய இஸ்மிரில், 1626இல் பிறந்த சப்பதாய் செவியை, கபாலா எனும் யூத மறைஞான மரபில் தேர்ந்த, காசாவைச் சேர்ந்த நாதன் என்ற இளம் ஞானி மேசியா என்று அறிவித்தார். யேமனிலிருந்து ஆம்ஸ்டர்டாம்வரை யூதச் சமூகங்கள் கொந்தளித்தன. 1648இல் உக்ரைனில் நடந்த கோசாக் படுகொலைகளின் காயம் ஆறாத காலம் அது. ஆலயம் அழிந்ததற்காக நோன்பு இருக்கும் ஆவ் மாத ஒன்பதாம் நாளைத் தன் பிறந்தநாள் என்று சொல்லிக் கொண்டாட்டமாக மாற்றினார் சப்பதாய். ஹம்பர்க்கில் வாழ்ந்த கிளுக்கல் என்ற வணிகப் பெண்மணியின் நினைவுக் குறிப்புகளில் ஒரு காட்சி இருக்கிறது. அவருடைய மாமனார் பட்டாணி, பீன்ஸ், உலர்ந்த இறைச்சி, துணிமணிகள் எல்லாவற்றையும் பெரிய பீப்பாய்களில் அடைத்து ஹம்பர்க்குக்கு அனுப்பிவைக்கிறார். மேசியா அழைத்ததும் அங்கிருந்து புனித நாட்டுக்குக் கப்பலேறிவிடலாம் என்பது முதியவரின் எண்ணம். பீப்பாய்கள் காத்திருந்தன. கெட்டுப்போவதற்குள் உணவுப்பொருளையாவது எடுத்துவிடும்படி கடைசியில் சொல்லியனுப்ப வேண்டியதாயிற்று.

1666 செப்டம்பரில் எதிர்னேயில் சுல்தான் நான்காம் மெஹ்மத் முன் நிறுத்தப்பட்ட சப்பதாய், இஸ்லாத்தைத் தழுவினார். அரண்மனையில் ஒரு பதவியும் ஊதியமும் கிடைத்தன. பெரும்பாலோர் வெட்கத்தோடு வீடு திரும்பினார்கள். சிலரோ, தீமைக்குள் சிக்கிய ஒளித்துளிகளை மீட்க அவர் அங்கே இறங்கியிருக்கிறார் என்று விளக்கம் சொல்லி உடன் மதம் மாறினார்கள். அவர்கள் வழிவந்த தோன்மே சமூகம் தெசலோனிக்கியில் நூற்றாண்டுகள் வாழ்ந்தது. அதன் பிறகு ரபிகளுக்கு மேசியா பேச்சே நெருப்பைத் தொடுவதுபோல ஆனது.

நவீன காலத்தில் சீர்திருத்த யூதம் சிக்கலை ஒரேயடியாக வெட்டிவிட்டது: ஆள் வேண்டாம், நீதியும் அமைதியும் நிறைந்த காலம் போதும். மரபுவழி யூதர்களுக்கு அந்த வசதி இல்லை, அதனால்தான் இஸ்ரேல் நாடு உருவானது அவர்களை இரண்டாகப் பிரித்தது. கூட்டமாகப் படையெடுத்துப் போய்ப் புனித நாட்டைக் கைப்பற்ற மாட்டோம் என்று இஸ்ரவேல் கடவுளிடம் செய்த சத்தியம் ஒன்று தல்மூதில் வருகிறது. அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார் ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் சத்மார் பிரிவுத் தலைவர் யோவேல் தைதல்பாம். மேசியாவுக்கு முன் யூத அரசு அமைப்பது கலகம் என்று 1961இல் ஒரு நூலே எழுதினார். மறுபுறம் ரபி ஆபிரகாம் ஐசக் கூக், கடவுள் நம்பிக்கையற்ற சோஷலிச இளைஞர்கள் கல்லுடைத்துச் சாலை போடுவதில்கூட மீட்பின் தொடக்கத்தைப் பார்த்தார். நாட்டுக்காகத் தலைமை ரபிகள் 1948இல் வெளியிட்ட பிரார்த்தனை, அதை ‘நமது மீட்பின் முதல் துளிர்’ என்று சொல்கிறது. 1967 போருக்குப் பிறகு கூக்கின் மகன் செவி யெகூதாவின் மாணவர்கள் இந்தத் துளிரை நிலத்தோடு கட்டினார்கள். மேற்குக் கரைக் குடியேற்றங்களை முன்னின்று நடத்திய குஷ் எமுனிம் இயக்கம் 1974இல் உருவானது. மரக்கன்று அறிவுரையை இரு தரப்பும் ஏற்கும். துளிர் எது என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டைக்கு இன்று பாலஸ்தீனர்கள் கொடுக்கும் விலையைச் சொல்லாமல் இதைச் சமய விவாதம் என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

கடைசியாகத் தோன்றிய பெரும் எதிர்பார்ப்பு நியூயார்க்கின் புரூக்ளினில். லுபாவிச் ஹசிதியத் தலைவர் மெனாகம் மெண்டல் ஷ்னியர்சன், 1951இல் பொறுப்பேற்றபோதே மீட்பைக் கொண்டுவருவதே இந்தத் தலைமுறையின் பணி என்றார். அவரே மேசியா என்று சீடர்கள் பலர் நம்பினார்கள். 1992இல் பக்கவாதத்தால் பேச்சிழந்து, 1994 ஜூனில் இறந்தார். மைமோனிடிசின் அளவுகோலின்படி கணக்கு அங்கே முடிந்திருக்க வேண்டும். சிலருக்கு முடியவில்லை. மைமோனிடிஸ் ‘கொல்லப்பட்டால்’ என்றுதானே எழுதினார், நோயில் இறந்தவருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார்கள். தொடங்கிய பணியை முடிக்காமல் மேசியா இறந்து, அடக்கம் செய்யப்பட்டு, மீண்டும் எழுவார் என்ற நம்பிக்கைக்கு யூதத்தில் இடமில்லை என்று அமெரிக்க ரபிகள் பேரவை 1996இல் தீர்மானம் போட்டது. நம்பிக்கையாளர்கள் அதற்கும் சன்ஹெத்ரின் ஏடுகளையே திறந்து காட்டுகிறார்கள். மேசியா உயிரோடு இருப்பவர்களில் ஒருவரென்றால் (மிஷ்னாவைத் தொகுத்த) நம் ரபி யூதாவைப் போன்றவர், இறந்தவர்களில் ஒருவரென்றால் தானியேலைப் போன்றவர் என்று ராவ் சொன்ன வரி அங்கே இருக்கிறது. ராவ் அதைச் சொன்னது ஒப்பிட்டுக் காட்டவா, அடையாளம் சொல்லவா என்பதில் தல்மூதின் புகழ்பெற்ற உரையாசிரியர் ராஷியின் உரையே இரண்டு விளக்கங்களைத் தருகிறது.